28 சென்டிமீட்டர் தண்ணீர்: சக்கர வீட்டின் எரிவாயுக் குழாய் எப்படி இயங்குகிறது, எங்கே பழுதாகிறது

எரிவாயுக் குழாய்க்கு வரும் நோய்கள் இரண்டுதான். வரவேண்டிய இடத்துக்கு வாயு வராமல் போவது ஒன்று. வரக்கூடாத இடத்துக்கு வந்து சேர்வது மற்றொன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்.வி. என்று அழைக்கப்படும் சக்கர வீட்டை வாங்குகிறவர்கள் எல்லாரும் இரண்டாவதற்குத்தான் பயப்படுகிறார்கள். பயப்படவும் வேண்டும். ஆனால் வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு அவர்களை அடிக்கடி படுத்தி எடுப்பது முதலாவது. அடுப்பு எரியும், வெந்நீர் வராது. வெந்நீர் வரும், குளிர்பதனப் பெட்டி சூடேறிப் பால் திரிந்து கிடக்கும். நள்ளிரவில் ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதும். சிலிண்டரில் பாதிக்கு மேல் வாயு இருக்கும்.

26 அடி நீள டிரெய்லர் ஒன்றை எட்டு ஆண்டுகளாக இழுத்துத் திரிகிறேன். இந்தக் காலத்தில் நான் கற்றது ஒன்றுதான்: இங்கே பார்க்க வேண்டியது வாயு இருக்கிறதா என்பதை அல்ல, அதன் அழுத்தம் எந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை.

நம் ஊர்ச் சமையலறைச் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த எல்.பி.ஜி. பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். திருநெல்வேலியில் அது யாருக்கும் கவலையில்லை. மினசோட்டாவில் ஜனவரி மாதம் அந்தச் சிலிண்டர் வெறும் இரும்புதான். அதனால் வட அமெரிக்கச் சக்கர வீடுகளில் ஏறக்குறைய முழுதும் புரொப்பேன். அது கழித்தல் 42 டிகிரி செல்சியஸில் கொதிப்பது. வண்டியின் மூக்கில் நிற்கும் உருளைகள் பெரும்பாலும் 20 பவுண்டு அல்லது 30 பவுண்டு. முப்பது பவுண்டு என்றால் 13.6 கிலோ, நம் 14.2 கிலோ சிலிண்டருக்குக் கிட்டத்தட்டத் தம்பி.

இந்த உருளைக்குள் புரொப்பேன் திரவமாக இருக்கிறது. அதன் மேல் நிற்கும் ஆவியைத்தான் நாம் எடுத்து எரிக்கிறோம். 21 டிகிரி வெயிலில் அந்த ஆவியின் அழுத்தம் 110 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்தின்மேல் எத்தனை பவுண்டு என்று சொல்லும் அலகு) அளவில் இருக்கும். 38 டிகிரியில் 170ஐத் தாண்டும். கழித்தல் 18 டிகிரியில் 25ஐ ஒட்டி இறங்கிவிடும். ஆக, மூலத்தில் இருக்கும் அழுத்தம் பருவத்துக்குப் பருவம், காலைக்கு மாலை மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அடுப்புக்கு எப்போதும் ஒரே அழுத்தம்தான் வேண்டும். அதை அளக்கும் அலகே விசித்திரமானது: 11 இன்ச் தண்ணீர். அதாவது ஒரு குழாயில் 28 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீரைத் தூக்கி நிறுத்தும் பலம். பி.எஸ்.ஐ.யில் சொன்னால் 0.4. உருளையில் இருப்பதில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு. ஒரு சிறுவன் உறிஞ்சுகுழலில் ஊதினாலே அந்த அளவுக்கு நீரை ஏற்றிவிடுவான். வீடு முழுவதும், அதாவது அடுப்பு, வெந்நீர்க் கலம், ஹீட்டர், குளிர்பதனப் பெட்டி எல்லாமே, அந்தச் சிறுவனின் மூச்சில்தான் ஓடுகின்றன. நம் ஊர் வீட்டு ரெகுலேட்டர் தருவதும் ஏறக்குறைய இதே 30 சென்டிமீட்டர்தான்.

இந்த இறக்கத்தைச் செய்வது இரண்டு கட்ட ரெகுலேட்டர். முதல் கட்டம் 10 பி.எஸ்.ஐ. பக்கம் கொண்டுவரும். இரண்டாவது கட்டம் அதை 11 இன்ச்சுக்குத் தட்டிக் கொடுக்கும். உள்ளே ரப்பர் சவ்வு ஒன்று, அதை அழுத்தும் சுருள்வில் ஒன்று, அவ்வளவுதான் சூட்சுமம். சவ்வு அசைய வேண்டுமானால் அதன் மறுபக்கம் வெளிக்காற்றை நோக்கித் திறந்திருக்க வேண்டும். அதற்காக ரெகுலேட்டரின் முகத்தில் ஒரு சிறு துவாரம் இருக்கிறது. அந்தத் துவாரம் தரையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது விதி. ஏன் என்று கேட்டால், சாலைச் சேறு. ஒரு மழைப் பயணத்தில் அந்தத் துவாரம் மண்ணால் அடைபட்டால், அல்லது குளவி அங்கே கூடு கட்டினால், அழுத்தம் கண்டபடி ஏறி இறங்கும். வண்டியின் முன்பக்கம் கிடக்கும் பிளாஸ்டிக் மூடியை அழகுக்காக வைத்ததாக நினைத்துக் கழற்றி எறிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உருளைக்கு அந்த மூடி தேவையே இல்லை. அது காப்பது இந்தத் துவாரத்தை.

ரெகுலேட்டரை அந்தரங்கமாகக் கெடுக்கும் இன்னொன்று எண்ணெய். உருளையிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் குட்டையான ரப்பர் குழாயின் உட்சுவரிலிருந்து ரப்பரை வளையும்படி வைத்திருக்கும் பதமூட்டிகள் மெல்லக் கரைந்து, மஞ்சளாகப் பிசுபிசுப்பாகச் சேர்ந்து, சவ்வின்மேல் படியும். பழைய குழாயைக் கழற்றிக் கவிழ்த்தால் விளக்கெண்ணெய் போல் இரண்டு சொட்டு விழுவது உண்டு. அது விழுந்தால் குழாயை மட்டும் மாற்றுவது வீண் செலவு. ரெகுலேட்டரையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும். அதைத் திறந்து துடைத்துப் பூட்டும் வேலை வேண்டாம்.

இப்போது புதிதாக வண்டி வாங்கிய எவரையும் ஏமாற்றும் ஒரு பழுதுக்கு வருவோம். உருளையை மாற்றுகிறோம். வால்வை நம் வீட்டு வழக்கப்படி சரசரவென்று முழுதும் திருப்புகிறோம். அடுப்பைப் பற்றவைத்தால் அகல் விளக்குச் சுடர் போல் ஒரு பொட்டு நெருப்பு. ஹீட்டரோ பற்றவே மறுக்கிறது. உருளை காலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு நிமிடம். உருளையோடு கையால் முடுக்கும் அந்தப் பச்சை அல்லது கறுப்பு பிளாஸ்டிக் நட்டுக்குள் ஒரு காவல்காரன் இருக்கிறான். குழாய் அறுந்துபோனால் வாயு பீறிட்டு ஓடும் அல்லவா? அப்படிப் பீறிடும் வேகத்தைக் கண்டதும் வழியை அடைத்துவிட்டு நூலிழை அளவு மட்டும் விடுவது அவன் வேலை. வெற்றுக் குழாய்க்குள் வால்வைச் சட்டென்று திறந்தாலும் அதே வேகத்தில்தான் வாயு பாய்கிறது. அறுந்த குழாய்க்கும் காலிக் குழாய்க்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. உருளை வால்வை மூடி, உள்ளே எல்லாச் சாதனங்களையும் நிறுத்தி, ஓரிரு நிமிடம் பொறுத்து, பிறகு வால்வைக் நத்தை நகர்வது போல மெதுவாகத் திறந்தால் சரியாகிவிடும். அவசரக்காரர்களுக்கு வரும் வியாதி இது. எனக்கு மூன்று முறை வந்தது.

வால்வைத் திறந்ததும் முதலில் ஏற்ற வேண்டியது சமையல் அடுப்பு. குழாயில் நிறைந்திருக்கும் காற்று வெளியேற வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடிந்த ஒரே இடம் அடுப்புதான். வெந்நீர்க் கலமும் ஹீட்டரும் தாமாகப் பொறி தட்டும் சாதனங்கள். இரண்டு மூன்று முறை தட்டிப் பார்த்துச் சுடர் வரவில்லை என்றால் தம்மைப் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கைக் காட்டிவிடும். அது பழுதின் அடையாளம் என்று நினைத்து ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் மெக்கானிக்கை அழைக்க வேண்டியதில்லை.

அழுத்தம் சரியாக இருந்து ஒரே ஒரு சாதனம் மட்டும் முரண்டு பிடித்தால், பார்க்க வேண்டியது அதன் பர்னரை. இங்கே சிலந்திக்கு ஒரு தனி அத்தியாயம் எழுதலாம். வெந்நீர்க் கலத்தின் பர்னர் குழாய் இருட்டு, உலர்ந்தது, ஒரு பக்கம் திறந்தது. ஆறு மாதம் ஓடாமல் நிற்கும் வண்டியில் சிலந்திக்கு இதைவிட நல்ல வாடகை வீடு கிடையாது. எரிபொருள் வாசனை சில சிலந்திகளை ஈர்க்கிறது என்பதும் கட்டுக்கதை அல்ல. 2011இல் மாஸ்டா நிறுவனம் பெட்ரோல் டாங்கின் காற்றோட்டக் குழாயில் மஞ்சள் பைச் சிலந்தி வலை கட்டியதற்காக வட அமெரிக்காவில் பல்லாயிரம் கார்களைத் திரும்ப அழைத்தது. பர்னர் குழாய்க்குள் ஒரு மெல்லிய வலை இருந்தாலே போதும், வாயுவோடு கலக்க வேண்டிய காற்று தடைபடும். நீலச் சுடர் மஞ்சளாகும், கரி படியும், கலத்தின் வெளிக் கதவில் புகைத் தடம் தெரியும். மஞ்சள் சுடர் என்பது வாயு குறைவு என்று பொருளல்ல, காற்று குறைவு. கார்பன் மோனாக்சைடு பிறப்பதும் இந்த நிலையில்தான்.

குளிர்பதனப் பெட்டியின் கதை வேறு. நெருப்பைக் கொளுத்திக் குளிரை வாங்கும் இந்த அதிசயத்தை 1922இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் கண்டுபிடித்தார்கள். சுடர் அமோனியாக் கரைசலைக் கொதிக்க வைக்கும். அசையும் பாகம் உள்ளே எதுவும் இல்லை. அந்தச் சுடரோ சுண்டுவிரல் அளவு. அதற்கு வாயு விடும் துளை ஊசிமுனை. சுடருக்கு மேலே நிற்கும் புகைபோக்கித் தகரத்திலிருந்து துருச் செதில்கள் உதிர்ந்து பர்னர்மேல் விழும். குலுங்கும் சாலையில் இன்னும் அதிகமாக. பெட்டியின் வெளிக் கதவைத் திறந்து, வாயுவை மூடி, அந்தச் செதில்களைத் தூரிகையால் தட்டிவிட்டால் பல வண்டிகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். ஊசித் துளையை மட்டும் ஊசியால் குத்தக்கூடாது. பித்தளை மென்மையானது, துளை மயிரிழை பெரிதானாலும் சுடரின் கணக்கு தப்பிவிடும். கழற்றி ஆல்கஹாலில் ஊறவைத்துக் காற்றில் உலர்த்துவதே வழக்கம்.

இனி அந்தக் குளிர்ந்த காற்று ஊதும் ஹீட்டர். யூட்டா மாநிலத்தின் பிரைஸ் கேன்யனில் அக்டோபர் மாதம் ஒரு விடியற்காலை எனக்கு நேர்ந்தது இது. இடம் கடல்மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரம்; வெளியே தண்ணீர் உறைந்திருந்தது. மூன்றரை மணிக்குக் குளிர் தாங்காமல் எழுந்தேன். ஹீட்டரின் விசிறி ஓடும் ஒலி கேட்கிறது, ஆனால் துவாரத்தில் கையை வைத்தால் பனிக்காற்று. டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே போய் உருளைகளைத் தட்டிப் பார்த்தேன். ரெகுலேட்டரின் ஜன்னலில் பச்சை தெரிந்தது. அடுப்பைப் பற்றவைத்தேன், கும்மென்று நீலமாக எரிந்தது. வாயு இருக்கிறது, அழுத்தமும் இருக்கிறது. அப்படியானால்?

விசிறியின் ஒலியை நின்று கேட்டபோதுதான் உறைத்தது: சுருதி இறங்கியிருந்தது. வோல்ட்மீட்டர் 10.4 காட்டியது. ஹீட்டருக்குள் விசிறிக்காற்றுப் பட்டால் சாயும் மெல்லிய தகட்டுச் சுவிட்ச் ஒன்று உண்டு. காற்றோட்டம் போதிய அளவு இருக்கிறது என்று அந்தத் தகடு சாய்ந்து சாட்சி சொன்னால்தான் வாயு வால்வு திறக்கும், பொறி தட்டும். பேட்டரி களைத்தால் விசிறி களைக்கும். விசிறி களைத்தால் தகடு சாயாது. தகடு சாயாவிட்டால் வாயு வராது. எட்டு ஆம்பியரை ஒட்டி இழுக்கும் அந்த விசிறி இரவு முழுக்க ஓடிப் பேட்டரியைக் குடித்துவிட்டிருந்தது. முகாமின் அமைதி நேரம் முடிந்து ஜெனரேட்டர் போடும்வரை அடுப்பில் காபிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், மேல்ஜன்னலைத் திறந்துவிட்டு. அறையைச் சூடேற்ற சமையல் அடுப்பை எரியவிடுவது கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் அழைப்பது. காபி அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

குளிர்காலத்தில் உண்மையாகவே வாயு குறைவதும் உண்டு. உருளையில் திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அதை உருளையின் சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்துதான் எடுக்கிறது. மணிக்கு 30,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) எரிக்கும் ஹீட்டர் ஓடும்போது கால் பங்கு மட்டும் திரவம் மிஞ்சிய உருளையில் அந்த வேகத்துக்கு ஆவி கிளம்பாது. உருளையின் அடிப்பாகத்தில் வெண்பனி வளையம் கட்டியிருப்பதைப் பார்த்தால் திரவம் எதுவரை இருக்கிறது என்று தெரிந்துவிடும், காசில்லாத அளவுகோல். 20 பவுண்டு உருளை முழுதாக இருந்தாலும் அந்த ஹீட்டர் இடைவிடாமல் ஓடினால் பதினான்கு மணி நேரக் கணக்குதான்.

இவ்வளவும் வாயு வராத கதை. இரண்டாவது நோய் சொற்களில் சிறியது, விளைவில் பெரியது.

கல்வீட்டின் குழாய் சுவரில் அசையாமல் கிடக்கிறது. சக்கர வீட்டின் குழாயோ ஒவ்வொரு மைலிலும் நிலநடுக்கத்தில் வாழ்கிறது. அடிச்சட்டத்தை ஒட்டிக் கருப்பு இரும்புக் குழாய் ஓடுகிறது. அதிலிருந்து செப்புக் குழாய்கள் பிரிந்து ஒவ்வொரு சாதனத்துக்கும் ஏறுகின்றன. தரைத் தகட்டைத் துளைத்துச் செப்புக் குழாய் மேலேறும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது நழுவியிருந்தால் தகட்டின் விளிம்பு ஆண்டுக்கணக்கில் செம்பை அரம் போல் ராவும். பக்கவாட்டில் வெளியே நீளும் அறை உள்ள வண்டிகளில் அந்த அறையோடு சேர்ந்து நீளவும் மடங்கவும் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். ஆண்டுக்கொரு முறை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள் இவை இரண்டும்.

இணைப்புகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நல்ல பிளம்பர்கள்கூட இதில் தவறுவார்கள். இரும்புக் குழாயின் மரை கூம்பு வடிவம். அங்கே கசிவைத் தடுப்பது மரையே, அதனால் எரிவாயுவுக்கான மஞ்சள் டேப்போ பசையோ வேண்டும். செப்புக் குழாயின் நுனி புனல் போல் விரிக்கப்பட்டது. அங்கே கசிவைத் தடுப்பது உலோகத்தின்மேல் உலோகம் பொருந்தும் அந்த விரிந்த முகம். நட்டின் வேலை அதை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. அந்த மரையில் டேப் சுற்றினால் முகம் சரியாக உட்காராமல் போய் புதிதாகக் கசிவு உண்டாகலாம். முடுக்கும்போது இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒரே ஸ்பேனரால் பலம் கொடுத்தால் நட்டோடு குழாயும் முறுக்கிக்கொள்ளும்.

கசிவைத் தேட சோப்பு நுரை. இதில் எல்லாருக்கும் உடன்பாடு. ஆனால் அமோனியாவோ குளோரினோ கலந்த சலவைத் திரவங்கள் பித்தளையையும் செம்பையும் அரிக்கும். இதற்கென்றே விற்கும் கசிவுத் திரவம் மலிவானது. தூரிகையால் தடவிவிட்டு அரை நிமிடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய கசிவு குமிழியை ஊதித் தள்ளும். சிறிய கசிவு கடுகளவு வெண்நுரையைப் பூக்க வைக்கும். சோதித்த பின் தண்ணீரால் துடைத்துவிடுவது நல்லது.

ஆனால் சோப்பு நுரை கை எட்டும் இடத்துக்குத்தான். மொத்தக் குழாயும் சுத்தமா என்று அறிய மெக்கானிக்குகள் செய்யும் சோதனை எளிமையாகத் தோன்றும். அதற்குள் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அடுப்பில் அழுத்தமானியை மாட்டி, வாயுவைத் திறந்து, பிறகு உருளை வால்வை மூடிவிடுவார்கள். உடனே காத்திருக்கத் தொடங்குவதில்லை. கொஞ்சம் வாயுவைக் கசியவிட்டு அழுத்தத்தை 11இலிருந்து 8 இன்ச்சுக்கு இறக்கிய பிறகே கடிகாரத்தைப் பார்ப்பார்கள். காரணம், உருளைக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவிலுள்ள குட்டைக் குழாயில் உயர் அழுத்த வாயு சிறைப்பட்டிருக்கும். கசிவு இருந்தாலும் ரெகுலேட்டர் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நிரப்பி முள்ளை அசையாமல் வைத்திருக்கும். எட்டுக்கு இறக்கிவிட்டால் ரெகுலேட்டர் முழுதாகத் திறந்து, சிறைப்பட்டதும் தீர்ந்து, எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் முள் அசையாவிட்டால் குழாய் சுத்தம். இரவில் உருளையை மூடிவிட்டுக் காலையில் அடுப்பு ஒரு கணம் எரிகிறதா என்று பார்ப்பவர்கள் ஏமாறுவதும் இந்தச் சிறைப்பட்ட வாயுவால்தான்.

எவ்வளவு கசிந்தால் ஆபத்து? காற்றில் புரொப்பேன் 2.1 விழுக்காடு சேர்ந்தால் தீப்பற்றும். என் டிரெய்லர் அளவுள்ள வண்டியின் உட்புறம் ஏறக்குறைய 37 கன மீட்டர். சீராகக் கலந்தால் ஒன்றரைக் கிலோ வாயு போதும். ஆனால் சீராகக் கலக்காது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். கீழ் முப்பது சென்டிமீட்டரில் மட்டும் அது நிறைய கால் கிலோகூட வேண்டாம். அதனால்தான் வாயு எச்சரிப்பான் முழங்காலுக்குக் கீழே பொருத்தப்பட்டிருக்கிறது. புகை எச்சரிப்பான் மாதிரி கூரையில் அல்ல. அதன் முன்னால் செருப்பு அலமாரி வைத்து மறைப்பவர்கள் உண்டு. ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகளில் அதன் உணர்கருவி ஓய்ந்துவிடும். தேதி பின்புறம் அச்சிட்டிருக்கும்.

மூக்கை நம்பலாமா? புரொப்பேனுக்கு இயல்பில் வாசனை இல்லை. அழுகிய முட்டைக்கோசு போன்ற நாற்றம் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தால் வருவது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் ஊரில் பள்ளிக்கூடம் ஒன்றின் அடித்தளத்தில் மணமற்ற இயற்கை எரிவாயு தேங்கி வெடித்து, ஏறத்தாழ 300 மாணவர்களும் ஆசிரியர்களும் மாண்ட பிறகே அங்கே எரிவாயுவுக்கு மணம் சேர்ப்பது சட்டமானது. ஆனால் உள்ளே துருப்பிடித்த உருளையில் அந்த நாற்றம் மங்கிப்போவது உண்டு. வயதானால் மூக்கும் மங்குகிறது. நாற்றம் வந்தால் கசிவு என்று கொள்ளலாம். நாற்றம் இல்லை என்பதால் கசிவு இல்லை என்று கொள்ளக்கூடாது.

எச்சரிப்பான் அலறினால் முதலில் ஆட்கள் வெளியேற வேண்டும், கதவைத் திறந்துபோட்டுவிட்டு. விளக்குச் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, விசிறியும் அப்படியே. பிறகு வண்டியின் மூக்குக்குப் போய் இரண்டு உருளைகளையும் மூட வேண்டும். அமெரிக்காவில் 2002க்குப் பிறகு வந்த சிறு உருளைகளின் வால்வுக் கைப்பிடி முக்கோண வடிவில் இருக்கும். இருட்டில் தடவினாலே தெரியும். சாதாரண வீட்டில் ஆள் பற்றவைத்தால்தான் நெருப்பு. இங்கே யாரும் தொடாமலே வெப்பம் குறைந்ததை உணர்ந்து ஹீட்டர் பொறி தட்டும், வெந்நீர்க் கலம் பொறி தட்டும், குளிர்பதனப் பெட்டி பொறி தட்டும். உருளையை மூடிய பிறகும் அவை இன்னும் இரண்டொரு முறை தட்டிப் பார்க்கும். அந்தச் சில நிமிடங்கள் வண்டிக்கு அருகில் நிற்காமல் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகத் தள்ளிப் போய் நின்று, அங்கிருந்து தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.